சர்க்கரை ரோஜாவுக்குச் செய்கூலி

நகைக் கடைக்குப் போகிறோம். ஒரு ஜோடி கம்மலை எடுத்துப் பார்க்கிறோம். கடைக்காரர் தராசில் வைத்து எடை சொல்லுகிறார். அந்த எடைக்குரிய பொன்னின் விலையை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிட முடியுமா? முடியாது. செய்கூலி என்று ஒன்று சொல்லுவார். சேதாரம் என்று மற்றொன்று சொல்லுவார். முணுமுணுத்துக் கொண்டேனும் கொடுக்கிறோம். பேரம் பேசுகிறோமே தவிர, "எடைக்கு மட்டும்தான் காசு, வேலைக்குக் கிடையாது" என்று சொல்ல எவருக்கும் வாய் வருவதில்லை. தட்டாரின் கைவேலைக்குக் கூலி உண்டு என்பது நம் ஊரில் நெடுங்காலமாக ஒப்புக்கொள்ளப்பட்ட நியாயம்.

அதே நாம், குழந்தையின் பிறந்த நாளுக்குக் கேக் சொல்லப் போகும்போது மட்டும் இந்த நியாயத்தைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றி விட்டுவிடுகிறோம்.

"அக்கா, கேக் கிலோ என்ன விலை?"

"ஆயிரம் ரூபாய்ம்மா."

"மேலே ரோஜாப்பூ வேணும். சின்னச் சின்னதா, நிறைய."

"அதைச் சர்க்கரையிலே கையாலே செய்யணும்மா. தனியா ஆகுமே."

"பூவுக்குத் தனியா காசா? அந்த ஒரு கிலோவுக்குள்ளேயே சேர்த்துப் போட்டுடுங்க அக்கா!"

அக்காளும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிடுகிறார். சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் மட்டுமல்ல, சிறிய ஊர்களிலும் இன்று எத்தனையோ பெண்கள் வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பேச்சு பழகிப்போன பேச்சு. மறுத்தால் அடுத்த தெருவில் இன்னொருவர் செய்து கொடுத்துவிடுவார். ஆகவே மறுப்பதில்லை. அன்று இரவு வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு சமையலறை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

அந்த விளக்கடியில் என்ன நடக்கிறது என்பதைக் கேக் சொன்னவர் ஒருமுறை பார்த்தால் போதும், விலையைப் பற்றிய பேச்சு மாறிவிடும் என்பது என் அபிப்பிராயம். பார்க்க வாய்ப்பில்லாதவர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்லுகிறேன்.

ஒன்பது இதழ்

கேக்கின் மீது போர்த்துகிறார்களே, மழமழவென்று ஒரு சர்க்கரைப் போர்வை, அதை ஃபாண்டன்ட் என்கிறார்கள். பொடித்த ஐசிங் சர்க்கரை, ஜெலட்டின், குளுக்கோஸ் பாகு, கிளிசரின், கொஞ்சம் கொழுப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்த மாவு அது. (ஜெலட்டின் பிராணிகளின் எலும்பிலும் தோலிலுமிருந்து எடுக்கப்படுவது. சைவ உணவுக்காரர்கள் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. ஜெலட்டின் இல்லாத வகையும் கிடைக்கிறது.) இந்த மாவு போர்வைக்குச் சரி. பூவுக்கு அப்படியே உதவாது. இதழ் மெல்லியதாக வராது. வந்தாலும் நிற்காமல் துவண்டு விழும். எனவே கால் கிலோ ஃபாண்டன்ட்டுக்கு ஒரு டீஸ்பூன் வீதம் சி.எம்.சி. என்னும் பொடியைச் சேர்த்துப் பிசைந்து, காற்றுப் படாமல் சுற்றி ஓர் இரவு வைக்கிறார்கள். தாவரங்களின் நாரிலிருந்து தயாரிக்கப்படும் பிசின் போன்ற பொருள் அது. மறு நாள் மாவை இழுத்துப் பார்த்தால் ரப்பரைப் போல இழுபடும். காய்ந்தால் பீங்கானைப் போல விறைத்து நிற்கும். இந்த இரண்டு குணமும் சேர்ந்தால்தான் ரோஜா.

முதலில் ஒரு சிறு உருண்டையை எடுத்து ஒரு முனையைக் கூராக்கி, நீர்த்துளியைப் போலச் செய்கிறார்கள். இதுதான் பூவின் நடுத்தண்டு. இதைப் பல் குத்தும் குச்சியில் செருகி, தெர்மகோல் அட்டையில் குத்தி நிறுத்தி, ஒரு நாள் காய வைக்க வேண்டும். காயாத தண்டின் மேல் இதழ் சுற்றினால் எல்லாம் சேர்ந்து கீழே வழுக்கிவிடும். ஆக, பூ வேலை கேக் வேலைக்கு இரண்டு நாள் முன்னதாகவே தொடங்கியாகிவிட்டது.

பிறகு இதழ். பட்டாணி அளவு உருண்டையை பாலித்தீன் தாளுக்கிடையில் வைத்துக் கட்டை விரலால் தேய்க்கிறார்கள். இங்கேதான் கைத்திறன். இதழின் அடிப்பக்கம் சற்றுக் கனமாக இருக்க வேண்டும். மேல் விளிம்பு மட்டும் வெங்காயத் தோலைப் போல மெலிந்திருக்க வேண்டும். முழுவதும் ஒரே கனமாக இருந்தால் அது ரோஜா இதழாக இராது, அப்பளத் துண்டாகத் தோன்றும். சிலர் மாவைத் தேய்த்து, வெட்டும் அச்சால் இதழ்களை வெட்டிக்கொண்டு, நுனியில் குண்டு வைத்த குச்சியால் விளிம்பை மட்டும் நீவி மெலிய வைக்கிறார்கள். எப்படிச் செய்தாலும் விளிம்புதான் முக்கியம்.

முதல் இதழைத் தண்டின் மேல் இறுக்கமாக, நுனியில் துளை தெரியாதபடி சுருட்ட வேண்டும். அடுத்து மூன்று இதழ். ஒன்றின் ஓரம் மற்றொன்றின் ஓரத்துக்குள் போக வேண்டும். மூன்றாவது இதழின் கடைசி ஓரத்தை முதல் இதழுக்குள் செருக வேண்டும். அதன் மேல் ஐந்து இதழ். இவற்றின் ஓரத்தை மட்டும் குச்சியால் லேசாக வெளிப்புறம் மடக்கிவிட்டால் பூ மலர்ந்துவிடும். ஒன்றும் மூன்றும் ஐந்தும் ஒன்பது. முதல் சுருளோடு நிறுத்தினால் மொட்டு; மூன்றோடு நிறுத்தினால் பாதி விரிந்த பூ. ஒட்டுவதற்குத் தண்ணீரில் ஒரு சிட்டிகை சி.எம்.சி. போட்டு ஊறவைத்த கூழே போதும். பச்சை முட்டை வெள்ளைக் கருவைத் தொட்டு ஒட்டும் வழக்கமும் உண்டு. குழந்தைகள் எடுத்து வாயில் போடும் பொருளுக்கு அது வேண்டாம் என்பேன்.

இவ்வளவும் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய பூவுக்காக. பெரிய ரோஜாவைச் செய்வதைவிடச் சிறிய ரோஜாவைச் செய்வதுதான் கடினம் என்று செய்தவர்கள் சொல்லுவார்கள். பெரிய இதழில் ஒரு சுருக்கம் விழுந்தால் அது இயற்கையாகத் தெரியும். சிறிய இதழில் விழுந்தால் கசங்கிய காகிதமாகிவிடும். விரலோ ஒரே அளவுதான், பூ சிறுக்கிறது என்பதற்காக அதுவும் சிறுக்குமா?

ஈரக் காற்று

குளிர்ந்த, வறண்ட நாடுகளில் வளர்ந்த இந்தக் கலையை நம் கடற்கரை ஊர்களுக்குக் கொண்டுவந்தபோது கூடவே ஒரு தொல்லையும் வந்து சேர்ந்தது. சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் இரவு விறைப்பாக நின்ற பூ காலையில் தலை கவிழ்ந்திருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம் என்று நினைப்பார்கள். அது இன்னும் மோசம். வெளியே எடுத்த மறு நிமிடம் பூவின் மேல் வியர்வை பூத்துவிடும். சாயம் கசிந்து பக்கத்துப் பூவிலும் ஒட்டும். பிளாஸ்டிக் டப்பாவில் இறுக மூடி வைத்தாலும், பூவுக்குள் மிச்சமிருக்கும் ஈரம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். சாதாரண அட்டைப் பெட்டியில் வைத்து, மருந்துப் புட்டியில் வருகிற ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தையும் பக்கத்தில் போட்டு வைப்பதே இங்கே சரிப்பட்டு வருகிறது.

இப்படிச் செய்த பூவைப் பால் ஏட்டு கிரீம் பூசிய கேக்கின் மேல் வைத்துவிட்டு, மாலை விருந்து வரை காத்திருக்கவும் முடியாது. கிரீமின் ஈரத்தில் அடிப்பாகம் கரைந்து பூ உட்கார்ந்துவிடும். விருந்துக்குச் சற்று முன்னால்தான் வைக்க வேண்டும். அதாவது, செய்தவர் கேக்கோடு கூடவே மண்டபத்துக்கு ஆட்டோ பிடித்து வந்து, கூட்டத்துக்கு நடுவில் நின்று ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்த ஆட்டோக் கூலியும் பல சமயம் "கிலோவுக்குள்ளே" தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நன்றாகப் பழகிய கைக்கு ஒரு சிறு ரோஜாவுக்கு 6 நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கேக்குக்கு 25 பூ. 225 இதழ். 150 நிமிஷம், அதாவது இரண்டரை மணி. மாவு பிசைய, நிறம் ஏற்ற, காய்ந்த பின் தூரிகையால் சாயல் பூச, அடுக்க இன்னும் ஒரு மணி. மொத்தம் மூன்றரை மணி நேரம். ஒரு பூ 4 கிராம் என்றால் 25 பூவும் சேர்ந்து 100 கிராம். கிலோ 1,000 ரூபாய் கேக்கில் 100 கிராமுக்கு 100 ரூபாய். மூன்றரை மணிக்கு 100 ரூபாய் என்றால் மணிக்கு 29 ரூபாய்கூடத் தேறவில்லை. அதிலும் சர்க்கரை, சி.எம்.சி., சாயம், பெட்டி எல்லாம் போக வேண்டும்.

இதில் சேதாரத்தை நான் இன்னும் சேர்க்கவில்லை. 25 பூ வேண்டுமானால் 30 செய்து வைக்க வேண்டும். சில உடையும், சில வெடிக்கும், ஒன்றை வீட்டுப் பிள்ளை தின்றுவிடும். தங்கம் உடைந்தால் உருக்கிக்கொள்ளலாம். காய்ந்த சர்க்கரை இதழ் உடைந்தால் குப்பைக்குத்தான்.

மற்றொரு வேடிக்கையும் உண்டு. இந்தப் பூ வேலையைக் கற்றுக்கொடுக்க நகரங்களில் வகுப்புகள் நடக்கின்றன. கற்கப் போகும் பெண்கள் அதற்கு நல்ல தொகை கட்டுகிறார்கள், கருவிகளுக்கும் செலவழிக்கிறார்கள். கற்பதற்கு விலை உண்டு, கற்ற வித்தைக்கு விலை கிடையாது என்றால் இது என்ன கணக்கு?

கோயில் வாசல் பூக்கடையைப் பாருங்கள். உதிரிப் பூவுக்கு எடை, கட்டிய பூவுக்கு முழம். மல்லிகை ஒன்றேதான். நாரால் கட்டிய உடனே அளவுகோலே மாறிவிடுகிறது. ரவிக்கைக்கு ஆரி வேலை செய்யக் கொடுத்தால் துணியின் மீட்டர் விலையையா கொடுக்கிறோம்? நம் தாய்மார்களுக்கு இந்தத் தர்மம் நன்றாகத் தெரியும். கேக்குக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை. கேக் நமக்குப் புதிய பண்டம் என்பதால், கடையில் பலகாரம் நிறுத்துக் கொடுக்கும் வழக்கத்தையே அதற்கும் பொருத்திவிட்டோம். லட்டு கிலோ, மைசூர்பாகு கிலோ, கேக் கிலோ. லட்டின் மேல் எவரும் ரோஜா செய்து வைக்கச் சொல்லுவதில்லை என்பதை மறந்துபோனோம்.

அட்டைக் கேக்

சர்க்கரையில் உருவம் செய்யும் வேலை ஐரோப்பாவில் வெகு பழையது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹியூ பிளாட் என்ற ஆங்கிலேயர் வீட்டுப் பெண்களுக்காக வெளியிட்ட சிறு நூலில், பிசினைப் பன்னீரில் ஊறவைத்துச் சர்க்கரையோடு பிசைந்து உருவங்கள் செய்யும் முறை இருக்கிறது. டிராகாகாந்த் என்னும் அந்தப் பிசின் ஈரான் முதலிய நாடுகளில் ஒரு முட்செடியிலிருந்து வடிவது. இன்று பெரும்பாலும் அதன் இடத்தில்தான் மேலே சொன்ன சி.எம்.சி. வந்திருக்கிறது. அன்று சர்க்கரை செல்வர் வீட்டுப் பொருள். 1840இல் விக்டோரியா மகாராணியின் திருமணக் கேக் சுமார் 300 ராத்தல் எடை. அதன் உச்சியில் மணமக்களை ஆசீர்வதிக்கும் சர்க்கரைச் சிலைகள் நின்றன. அரண்மனை வழக்கம் மெல்ல மெல்லச் சாமானியர் வீட்டுக்கும் வந்தது. வெள்ளை ஐசிங் இல்லாத கல்யாணம் அந்த நாட்டில் கல்யாணமாகவே தோன்றாத காலமும் வந்தது.

அப்போதுதான் இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940 ஜனவரியில் பிரிட்டனில் சர்க்கரைக்குப் பங்கீடு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், கேக்கின் மேற்புறத்தில் சர்க்கரை பூசுவதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். மணமக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கிடைத்த மாவையும் பழத்தையும் வைத்து ஒரு சிறு கேக் செய்துகொண்டார்கள். அடுக்கடுக்காக, வெள்ளை வெளேரென்று, அலங்காரத்தோடு அட்டையில் செய்த ஒரு மூடியை வாடகைக்கு எடுத்து, அந்தச் சிறு கேக்கின் மேல் கவிழ்த்து வைத்தார்கள். புகைப்படம் எடுத்த பின் மூடியைத் தூக்கிவிட்டுக் கேக்கை வெட்டினார்கள். சர்க்கரைப் பங்கீடு அந்த நாட்டில் 1953 வரை நீடித்தது.

இதை வேடிக்கைக் கதையாக நான் சொல்லவில்லை. அந்த அட்டை மூடியில் சர்க்கரை ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. தின்பதற்கு அதில் எதுவும் இல்லை. குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில், ஒவ்வொரு பென்னியையும் எண்ணிச் செலவழித்த மக்கள், அதற்கு வாடகை கொடுத்தார்கள். கேக் வேறு, அலங்காரம் வேறு, இரண்டுக்கும் தனித்தனி விலை உண்டு என்பதைப் போரே பிரித்துக் காட்டிவிட்டது.

இன்று அந்த நாட்டில் சர்க்கரைக் கைவேலைக்காரர்களுக்கென்று 1981இல் தோன்றிய சங்கம் இருக்கிறது. அங்கேயும் அமெரிக்காவிலும் சர்க்கரைப் பூவை மட்டுமே செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். கேக்கை ஒருவர் செய்வார். பூவை மற்றொருவர் செய்து பஞ்சு வைத்த பெட்டியில் அனுப்புவார். விலை பூவின் எண்ணிக்கைக்கு. அவ்வளவு தூரம் போக வேண்டாம், பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். அங்கே கல்யாணக் கேக் துண்டுகளைத் தனியாக வெட்டிச் சிறு பெட்டிகளில் போட்டு விருந்தினர் கையில் கொடுக்கிறார்கள். மேடையில் தூணும் அடுக்கும் பூவுமாக நிற்கும் அலங்காரக் கட்டு வேறு. பல கட்டுகளுக்குள் கேக்கே இருப்பதில்லை. அங்கே பூ வேலை தராசுத் தட்டுக்குள் ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

நம் நாட்டிலும் இந்தக் கலைக்கு மதிப்பு வாங்கிக் கொடுத்தவர்கள் இல்லாமலில்லை. பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்குக் கேக் அலங்காரம் செய்த எடி ஸ்பென்ஸ் என்பவரிடம் பயின்ற புனே நகரத்து பிராச்சி தபல் தேப், முட்டை சேர்க்காத ஐசிங்கில் மாளிகைகளையும் பேராலயங்களையும் போல நுட்பமான வேலை செய்து வெளிநாடுகளிலும் பெயர் பெற்றிருக்கிறார். அந்தத் திறமைக்கு நாம் கைதட்டுகிறோம். தெருக்கோடி அக்காளின் ரோஜாவுக்கு மட்டும் கைதட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

யார் தின்கிறார்கள்?

"அந்தப் பூவை யார் தின்கிறார்கள்? ஒதுக்கித்தானே வைக்கிறோம்? தின்னாத பொருளுக்கு எதற்குக் காசு?" என்று கேட்பவர்கள் உண்டு. மணமாலையையும் எவரும் தின்பதில்லை. மறுநாள் அது வாடிவிடுகிறது. ஆயினும் அதற்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயங்குவதில்லை. சர்க்கரை ரோஜாவாவது ஈரமும் எறும்பும் அண்டாமல் வைத்தால் ஆண்டுக் கணக்கில் நிற்கும்.

"விலை ஏறினால் ஏழை வீட்டுக் குழந்தைக்குப் பூ வைத்த கேக் கிடைக்காதே" என்ற மறுப்பு இதைவிட நியாயமானது. அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் 25 பூவை இனாமாகக் கேட்பது அதற்கு வழியன்று. மூன்று பூவும் இரண்டு மொட்டும் கேளுங்கள். என் கண்ணுக்கு அதுவே அழகு. கேக்கின் ஓர் ஓரத்தில், நன்றாகச் செய்த மூன்று ரோஜாக்கள் இரண்டு இலையோடு சாய்ந்திருந்தால் போதும். முழுவதும் பூவை அப்பி வைத்த கேக்கைப் பார்க்கும்போது எனக்குப் பூக்கடைக் கூடைதான் நினைவுக்கு வருகிறது. அதுவும் வேண்டாமென்றால், ஒரு பட்டையாக மாவைத் தேய்த்து, பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டிச் செய்யும் எளிய ரோஜா ஒன்று இருக்கிறது. ஒரு நிமிஷ வேலை. ஐந்து வயதுக் குழந்தைகூட அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து செய்துவிடும். விலையும் அதற்குத் தக்கபடி இருக்கும்.

அச்சிலே அழுத்தி எடுக்கும் பூவும் இப்போது தாராளமாக வந்துவிட்டது. சிலிகோன் அச்சில் மாவை அடைத்துத் தட்டினால் பூ விழுகிறது. இதில் குற்றமொன்றுமில்லை. அச்சு முறுக்கும் முறுக்குத்தான், கைமுறுக்கும் முறுக்குத்தான். ஆனால் கைமுறுக்கு சுற்றுகிறவரை வரவழைத்து உட்கார வைத்துவிட்டு அச்சு முறுக்கின் விலையை நீட்டினால் அவர் எழுந்து போய்விடுவார். விற்பவரும் அச்சுப் பூவைக் கைப்பூ என்று சொல்லக் கூடாது. அடையாளம் எளிது. அச்சுப் பூவின் பின்புறம் தட்டையாக இருக்கும்; விளிம்பு கனமாக இருக்கும்; எல்லாப் பூவும் இரட்டைப் பிள்ளைகளைப் போல் ஒரே முகமாக இருக்கும்.

சாயம்

கூலி கிடைக்காத வேலையில் முதலில் குறைவது நேரம். அடுத்துக் குறைவது சரக்கின் தரம். பூவைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது குறைவு விளையாட்டான விஷயமன்று. இளஞ்சிவப்பு ரோஜாவுக்கு நிறம் வேண்டும். நம் நாட்டில் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட செயற்கைச் சாயங்கள் எட்டே எட்டுத்தான். அவற்றுக்கும் அளவு உண்டு. சந்தையில் கிடைக்கும் மலிவான சாயமெல்லாம் அந்த எட்டுக்குள் அடங்குவதில்லை. பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்தது நினைவிருக்கலாம். கண்ணைப் பறித்த அந்த இளஞ்சிவப்புத்தான் அதில் எமன்.

மினுமினுக்கும் பொடிகளும் இப்படித்தான். அமெரிக்காவில் ரோட் தீவு மாநிலத்தில் 2018இல் ஒரு பிறந்த நாள் கேக்கைத் தின்ற 6 குழந்தைகளுக்கு வாந்தி கண்டது. கேக்கின் மேல் தடிமனாகப் பூசியிருந்த பொன்னிறப் பொடியில் செம்பு நிறைய இருந்தது. 2021இல் அந்த நாட்டு நோய்த் தடுப்பு மையம் இதை அறிக்கையாக வெளியிட்டது. "நஞ்சற்றது" என்று டப்பாவில் எழுதியிருந்தால் தின்னலாம் என்று பொருளாகாது. அலங்காரத்துக்கு மட்டும் என்றும் அதில் பொடி எழுத்தில் இருக்கும். தின்னத் தக்கது என்ற வார்த்தையும், சேர்மானப் பட்டியலும், உணவுத் துறையின் உரிம எண்ணும் டப்பாவில் இருக்க வேண்டும். அத்தகைய சாயம் விலை கூடுதல். பூவை இனாமாகக் கேட்டுவிட்டு, அதற்கு நல்ல சாயமும் போட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படிப் பொருந்தும்?

கம்பியும் அப்படியே. கம்பியில் கோத்த பூவை நேரே கேக்கில் குத்தக் கூடாது. சிறு குழாயில் செருகித்தான் நிறுத்த வேண்டும். குழந்தைகளின் கேக்குக்குக் கம்பியே இல்லாத சிறு ரோஜாதான் உகந்தது. பூ செய்த குச்சியை உருவி எடுத்தாயிற்றா என்று ஒவ்வொரு பூவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். அவசரமாகச் செய்கிற கை இதைத்தான் முதலில் மறக்கும்.

இரண்டு வரி

ஆகவே கேக் செய்யும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்லுவேன். விலையைக் கேட்டவுடன் கிலோவுக்கு இவ்வளவு என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். கேக்குக்கு ஒரு வரி, பூவுக்கு ஒரு வரி என்று எழுதிக் கொடுங்கள். ஒரு பூ, ஒரு மொட்டு, ஓர் இலை என்று தனித்தனியே விலை போடுங்கள். கைப்பூவுக்கு ஒரு விலை, சுருட்டுப் பூவுக்கு ஒரு விலை, அச்சுப் பூவுக்கு ஒரு விலை. மாதிரிக்கு மூன்றையும் செய்து ஒரு சிறு அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டால் வாய் வலிக்கப் பேச வேண்டியதில்லை. வந்தவர் கையில் எடுத்துப் பார்க்கட்டும். விளிம்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் எது எத்தனை நேர வேலை என்று அவருக்கே தெரிந்துவிடும். ஒரே தெருவில் நாலு பேர் செய்தால் நால்வரும் பேசிக்கொண்டு, பூவை இனாமாகக் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் கேட்டால் அது கெடுபிடியாகத் தோன்றும். நால்வரும் கேட்டால் அது ஊர் வழக்கமாகிவிடும்.

வீட்டிலிருக்கும் ஆண்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. "சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் செய்கிறாள்" என்று அந்த மூன்றரை மணி நேரத்தைச் சொல்லுகிறார்களே, அந்தச் சொல்லை வாங்குபவர் காதில் விழும்படி சொல்லாமலிருந்தாலே பாதி உபகாரம்.

வாங்குகிறவர்கள் பேரம் பேசலாம். அது நம் பிறப்புரிமை. ஆனால் பூவின் எண்ணிக்கையில் பேசுங்கள். "25 வேண்டாம், 7 போதும், இரண்டு மொட்டு வையுங்கள்" என்று சொல்லுங்கள். சீட்டில் அது இப்படி இருக்கும்: கேக் ஒரு கிலோ. ரோஜா ஏழு, கைவேலை. மொட்டு இரண்டு. இலை ஐந்து. மண்டபத்துக்குக் கொண்டுவந்து வைக்க ஆட்டோக் கூலி தனி.